அத்தை பணத்தில் கிடைத்த பயிற்சியாளர்

மிகுந்த மரியாதைக்குரிய ஆர்டிஸ் அத்தைக்கு, உங்கள் தம்பி மகன் மெர்ல், நோர்டால் கல்லூரி அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளன், வணக்கத்துடன் எழுதுவது. நானும் என் முதுகுவலியும் சௌக்கியம். அங்கே நீங்களும் பன்றிகளும் சௌக்கியம் என்று நம்புகிறேன்.

நீங்கள் அனுப்பிய இரண்டாயிரம் டாலரைப் பார்த்ததும் அழுதேவிட்டேன். "உதவிக்கு ஒரு ஆள வச்சுக்கடா" என்று எழுதியிருந்தீர்களே, அந்த மனசு யாருக்கு வரும்! எங்கள் அணியில் சம்பளக்காரன் நான் ஒருவன்தான். மைதானத்துக்குக் கோடு போடுவது, அறுபது பேர் ஜெர்சியைத் துவைப்பது, பேருந்து ஓட்டுவது எல்லாம் அந்தச் சம்பளத்தில் அடக்கம். பந்தை உதைப்பதற்கென்றே இருக்கிற இரண்டொரு பையன்களுக்குப் பாதிரியார் யால்மர் இலவசமாகக் கற்றுத்தருகிறார். தப்பாக உதைத்தால் அவருக்குத் திட்ட வராது, மன்னித்துவிடுகிறார். தற்காப்பு ஆட்டம் சொல்லித்தர டுவைட் இருக்கிறார். கெட்டிக்காரர், ஆனால் மக்காச்சோள விவசாயி. ஆட்டமும் அறுவடையும் ஒன்றாக வந்து தொலைப்பதால், அறுவடை இயந்திரத்தில் உட்கார்ந்தபடி போனில் உத்தரவு போடுவார். போன வாரம் "எல்லாரும் இடது பக்கம்" என்றவர் பள்ளத்தில் இறங்கிவிட்டார், சிக்னல் போய்விட்டது. பையன்களும் இடது பக்கம் ஓடினார்கள். "போயிடாதீங்கடா" என்று முடிக்க வந்தாராம்.

இந்தச் சனிக்கிழமையும் தோற்றால் அணியையே இழுத்து மூடிவிடுவதாகக் கல்லூரித் தலைவர் சொல்லிவிட்டார். நல்லவேளை, எதிரணியின் சூரப் பயிற்சியாளர் லோரனும் விவசாயிதான். அவர் வயலும் அறுக்காமல் நிற்கிறது, வரமாட்டார். டுவைட் வந்தால் ஜெயித்த மாதிரிதான். அதனால் உங்கள் பணத்தில் ஆள் வைக்காமல், ஓர் அறுவடை இயந்திரத்தை வாடகைக்கு எடுத்தேன். டுவைட் இனாமாக எதையும் வாங்கமாட்டார் என்பதால் அவரிடம் சொல்லவில்லை. நேற்று அவர் ஆற்றோர வயலில் இருந்த நேரம் பார்த்து, அவருடைய சாலையோர வயலில் இறங்கினோம். "வெள்ளைத் தபால் பெட்டி இருக்குல்ல, அதுக்குப் பக்கத்து வயல்தான். எனக்குத் தெரியாதா?" என்று பாதிரியார்தான் வழிகாட்டினார். பாவம், பையன்கள் விளக்கு வைக்கும்வரை ஒரு கதிர் விடாமல் அறுத்து முடித்தார்கள். எல்லாம் உங்கள் புண்ணியம் அத்தை. கர்த்தர் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் பன்றிகளுக்கு நல்ல விலையையும் தரட்டும்.

என்றும் நன்றி மறவாத,
மெர்ல்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது போன் வந்தது. லோரன் பேசினார். "மெர்ல், எதிராளி வயலையே அறுத்துக் குடுக்கிற மனசு யாருக்குய்யா வரும்? என் பெண்டாட்டி அழுதுட்டிருக்கா. இனி எனக்கு என்ன வேலை? சனிக்கிழமை முதல் ஆளா மைதானத்துல நிப்பேன்." அந்தச் சாலையில் எல்லாத் தபால் பெட்டியும் வெள்ளைதானாம். உங்களுக்கும் நன்றி சொல்லச் சொன்னார். டுவைட்டைக் கூப்பிட்டுப் பார்த்தேன். பள்ளத்தில் இருக்கிறார் போல, சிக்னல் இல்லை.