ஆறு சால் மசால்

பஞ்சாட்சரம் முடிவு பண்ணிவிட்டான். அவன் முடிவு பண்ணினால் பண்ணினதுதான். மழை கொட்டினாலும் மாறாது, மலை சரிந்தாலும் மாறாது. ஈஸ்வரி குறுக்கே வந்தால் மட்டும் கொஞ்சம் மாறும். அதனால் இந்தத் தடவை பெண்டாட்டி மாட்டுக்குத் தண்ணி காட்டப் போன நேரமாகப் பார்த்து முடிவு பண்ணினான்.

சங்கதி இதுதான். வீட்டில் இரண்டு கறவை மாடு. நெல்லிவாசல்நாட்டு மலைச்சரிவையே சுருட்டிக் கொண்டுவந்து போட்டாலும், தின்றுவிட்டு 'அப்புறம்?' என்று பார்க்கிற ஜாதி. இத்தனை வருஷமாகச் சரிவில் ஏறிப் புல் அறுத்து வந்தவள் ஈஸ்வரி. இந்த ஆடியில் அவள் ஒரு சட்டம் போட்டாள்: ஒரு நாள் நான், ஒரு நாள் நீங்க. நாலு முறை போவதற்குள் பஞ்சாட்சரத்துக்குத் தன் உடம்பில் எத்தனை எலும்பு என்று கணக்குத் தெரிந்துவிட்டது.

ஆகவே, குதிரைமசால் என்கிற தீவனப் பயிர். ஒரு தடவை விதைத்தால் மூன்று வருஷம் அறுக்கலாம். இடம்? வீட்டுக்குப் பின்னால் கிணற்றோரப் பட்டை நிலம். அதில் சாமை விதைக்க வேண்டும் என்று ஈஸ்வரி போன மாசமே உழ வைத்திருந்தாள். அது ஒன்றுதான் சின்னச் சிக்கல்.

"சாமைக்குன்னு வச்ச நெலம் மாமா அது" என்றாள் திரும்பி வந்த ஈஸ்வரி.

"சாமைய மனுஷன் துன்னுவான். மசால மாடு துன்னும். மாடு பால் குடுக்கும். மனுஷன் குடுப்பானா?"

"மசால் வெதை கடுகுல பாதிகூட இருக்காது. ஒங்களுக்கு வெதைக்கத் தெரியுமா?"

"நான் எதுக்கு வெதைக்கணும்? போளூர்ல வாடகைக்கு வெதைக்கிற மிஷின் வந்துகீது. மாட்டுல கட்டி ஓட்டினா நோட்டுல கோடு போட்டாப்போல வெதை வுழும்."

பக்கத்து வீட்டுச் சிங்காரம் வேலிமேல் மோவாயை வைத்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். டி.வி. ரிப்பேரான நாளிலிருந்து அவனுக்கு அந்த வேலிதான்.

"சரி" என்றாள் ஈஸ்வரி. அவள் சண்டை போட்டால் பஞ்சாட்சரம் தாங்குவான். 'சரி' என்றால்தான் ஆபத்து. "சிங்காரண்ணா, நீதான் சாட்சி. பட்டை முழுக்க மசால் மொளைச்சா, அறுத்துப் போடறது என் வேலை. மாமா கட்டிலை வுட்டு எறங்கவே வேணாம். மொளைக்கலன்னா தெனம் சரிவுக்குப் போறது மாமா வேலை. மொறை கிறை ஒண்ணும் கெடையாது."

"தெனமுமா?"

"பயமா இருந்தா வுட்டுடுங்க."

"பயமா? எனக்கா? கொண்டாடி அந்த மாட்டை!"

மாடு வந்தது. மிஷின் அதற்கு மறுநாள்தான், ஜீப்பு மேலே உட்கார்ந்துகொண்டு வந்தது. மேலே ஒரு தகரப் பெட்டி, கீழே மூன்று குழாய், ஒரு நடைக்கு மூன்று சால். அதை முன்னால் வாடகைக்கு எடுத்தவன் மக்காச்சோளம் விதைத்தவனாம். ஈஸ்வரி குனிந்து பெட்டியின் அடியைப் பார்த்தாள்.

"மாமா, ஓட்டையில என் வெரலே போவுது. வெதையில அஞ்சு பங்கு மணல் கலந்து கொட்டுங்க. சாமையே நாங்க மணல் கலந்துதான் வெதைப்போம்."

"மிஷினுக்கு அதெல்லாம் தெரியும். நீ போய் ஒன் வேலையப் பாரு."

அவள் களத்துக்குப் போய்விட்டாள்.

பஞ்சாட்சரம் வாங்கி வைத்திருந்த ஒரு கிலோ விதையையும் பெட்டியில் கொட்டி, குலசாமியைக் கும்பிட்டு, மாட்டை அதட்டினான். முதல் நடை ராஜ நடை. திரும்பி வந்தது இரண்டாம் நடை. நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. நிமிர்ந்த நெஞ்சோடு பெட்டியை எட்டிப் பார்த்தான். தகரம் பளபளவென்று அவன் மூஞ்சியைக் காட்டியது. முப்பது சாலுக்கான விதை ஆறே சாலில் இறங்கிவிட்டது.

வேறு ஆளாக இருந்தால் நிறுத்தியிருப்பான். இவன் முடிவு பண்ணினவன் ஆயிற்றே! ஈஸ்வரி கண்ணுக்குத் தெரிவது கோடுதானே, விதையா தெரியப் போகிறது? கோட்டைப் போட்டு வைப்போம். நாளைக்கு மிஷினைத் திருப்பிக் கொடுக்கும்போது போளூரிலேயே விதை வாங்கி, யாருக்கும் தெரியாமல் தூவிவிடுவோம். வெறும் பெட்டியோடு மீதி இருபத்து நாலு சாலையும் ஓட்டினான்.

"இன்னா மச்சான், மாடு இம்மாம் வேகமா போவுது?" என்றது வேலிமேல் இருந்த தலை.

"நல்ல மிஷின் மச்சான். போகப் போக லேசாவுது பாரு!"

மறுநாள் போளூரில் மிஷினை இறக்கிவிட்டு விதைக் கடைக்குப் போனான். "மசால் வெதையா? ஸ்டாக் இல்லீங்க. பத்து நாள் கழிச்சு வாங்க" என்றார்கள். ஊர் திரும்பினபோது தூறல். பட்டையில் சாலெல்லாம் மூடிக் கிடந்தது. 'மழையே மூடிடுச்சு, வெதை இல்லாதது இனி எவளுக்குத் தெரியும்? நம்ம பக்கம்தான் சாமி' என்று நிம்மதியாகத் தூங்கினான்.

எட்டாம் நாள் காலை.

"மாமா! வந்து பாருங்க. சிங்காரண்ணா, நீயும் வா."

பட்டை முழுக்கப் பச்சை. முப்பது சாலும் முளைத்திருந்தது. ஆறு சாலில் மசால், திருவிழா பஸ் மாதிரி ஒன்றின்மேல் ஒன்று ஏறி நெரிந்துகொண்டு நின்றது. மீதி இருபத்து நாலிலும் மெல்லிசாக, அளவெடுத்த மாதிரி, சாமை.

பஞ்சாட்சரம் வாயைத் திறந்தான். 'யாரைக் கேட்டுடி சாமை போட்ட?' என்று கேட்கலாம். கேட்டால், 'நீங்க போட்ட மசால் எங்க?' என்பாள். குனிந்து ஒரு முளையைக் கிள்ளிப் பார்த்தான்.

"மசால் வெதைச்சீங்க. சாமை எப்டி மாமா வந்துச்சு?"

"மிஷின்ல முன்ன எவனாச்சும் சாமை போட்டிருப்பான். மூலையில ஒட்டிக்கினு இருந்திருக்கும்."

"மக்காச்சோளம் போட்டவன்னு சொன்னீங்களே?"

"அவனுக்கு முன்ன ஒருத்தன்."

"சரி, சாமை ஒட்டிக்கினு வந்துச்சு. இந்த இருவத்தி நாலு சால்ல ஒரே ஒரு மசால் மொளை காட்டுங்க. இப்பவே புல்லுக் கத்தி எடுத்துக்கினு நான் சரிவுக்குப் போறேன்."

வேலிமேல் இருந்த தலை சட்டென்று கீழே போயிற்று. அந்தப் பக்கமிருந்து சிரிப்பை அடக்குகிற சத்தம் மட்டும் வந்தது.

"பெட்டி காலின்னு எப்ப தெரியும் ஒனக்கு?" என்றான் பஞ்சாட்சரம் மெதுவாக.

"மூணாவது நடையிலயே. மாடு ஓடின வேகத்தக் களத்துல இருந்து பாத்துக்கினுதான இருந்தேன். நீங்க ஜீப்பு ஏறினதும் சாமைய மணல் கலந்து சால்ல தூவி, முள்ளுக் கிளைய இழுத்து மண்ணை மூடிட்டேன்."

"தெரிஞ்சிருந்தா அப்பவே ஒரு குரல் குடுக்கறதுதானே?"

"குடுத்தா நிறுத்தியிருப்பீங்க. மீதி இருவத்தி நாலு சாலை எனக்கு யாரு மாமா ஓட்டிக் குடுப்பாங்க?"

பஞ்சாட்சரம் கத்தியைத் தேடி உள்ளே போகத் திரும்பினான். அது சாணை பிடித்து, புல்லுக் கட்டும் கயிற்றோடு, நிலைப்படியில் தயாராக இருந்தது.