என் முற்றத்தில் இறங்கிய கதிரைகள்

நான் குறட்டை விடுவேன் என்பதை ஐம்பத்திரண்டு வயது வரை நான் நம்பவில்லை. விடுகிறவனுக்கு அது கேட்பதில்லை. ஆகவே ஊரே சேர்ந்து எனக்கெதிராகக் கட்டிய கதை என்றுதான் நினைத்திருந்தேன். மாங்குளத்துக்குக் கிட்ட, குளத்துத் தண்ணீரை நம்பி நெல் விதைக்கிற எங்கள் குடியேற்றத் திட்டத்தில் வீட்டுக்கு வீடு நல்ல இடைவெளி உண்டு. அந்த இடைவெளி காணாது என்பது பக்கத்து வீட்டுத் தவமக்காவின் நெடுநாள் முறைப்பாடு.

பிரச்சினை குறட்டை அல்ல, குறட்டைக்கு நடுவில் வருகிற அமைதிதான் என்று வவுனியாவில் டொக்டர் சொன்னார். நித்திரையில் எனக்கு மூச்சு நின்று நின்று வருகிறதாம். அதனால்தான் பகலில் கண்ட இடத்தில் தூங்கி விழுகிறேனாம். (கமக்காரர் கூட்டம், கோயில் பூசை, ஒருமுறை பல் பிடுங்குகிற கதிரை.) கடைசியாக மோட்டார் சைக்கிளில் தூங்கி, பின்னால் இருந்த மனைவி ராணியோடு வாய்க்காலுக்குள் போனேன். எழும்பிய ராணி சேலையைக்கூடப் பிழியவில்லை. முதலில் மோட்டார் சைக்கிள் திறப்பைக் கழற்றித் தன் கைப்பைக்குள் போட்டாள். டொக்டர் சொன்ன மிஷினைப் போட்டு நான் ஒழுங்காக நித்திரை கொள்ளும் வரை அது தன்னிடம்தான் என்றாள்.

மிஷின் என்றால் சீபாப். மூக்குக்கு ஒரு மூடி, அதிலிருந்து ஒரு குழாய், மறு முனையில் காற்று ஊதுகிற ஒரு பெட்டி. வாயால் காற்று போகாமலிருக்க, நாடிக்குக் கீழே கொடுத்து உச்சந்தலையில் இழுத்து ஒட்டுகிற வெள்ளைப் பட்டி ஒன்றும் தந்தார்கள். எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தேன். வயலுக்கு மருந்தடிக்கப் புறப்பட்டவன் பாதியில் பிள்ளையாராகிவிட்டது போல இருந்தது. நல்லாய்த்தான் இருக்கு என்றாள் ராணி. அவளுக்குப் பொய் சொல்ல வராது.

இந்தக் கோலம் வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று பயந்தேன். (அப்படியொன்று என்னிடம் மிச்சமிருப்பதாக அப்போது நம்பிக்கை.) நான் லேசுப்பட்ட ஆள் இல்லை, ஊர் மரண உதவிச் சங்கத்தின் செயலாளர். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் கதிரை, தறப்பாள், தேத்தண்ணிக் கிடாரம் எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது சங்கத்தின் வேலை. அப்படிப்பட்டவன் மிஷினை யூரியாப் பையில் சுற்றித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கேட்டவர்களிடம் மிளகாய் அரைக்கிற மிஷின் என்றேன்.

இரண்டு கிழமை போராடினேன். போட்ட அரை மணித்தியாலத்தில் பிடுங்கி எறிந்துவிடுவேன். பகலில் தொலைக்காட்சி பார்க்கும்போது போட்டுப் பழகச் சொன்னார் கிளினிக் தாதி. ஒரு சனிக்கிழமை பின்னேரம் ராணி பஸ்ஸில் மாங்குளம் போனதும் கதவைப் பூட்டினேன். ஆள் இருப்பது வெளியே தெரியாதபடி தொலைக்காட்சியின் சத்தத்தை முழுதாகக் குறைத்தேன். மிஷினை மாட்டி, சாய்மனைக் கதிரையில் காலை நீட்டி, கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் நெஞ்சில் கோத்துக்கொண்டேன். திரையில் யாரோ ஒரு பெண் கத்தரிக்காய் வதக்கிக்கொண்டிருந்தார். அது வதங்குவதற்குள் நான் நித்திரையாகிவிட்டேன்.

பிறகு நடந்தது நான் விசாரித்து அறிந்தது. மண்வெட்டி கேட்டு வந்த தவமக்கா யன்னலால் எட்டிப் பார்த்திருக்கிறார். பின்பக்கமிருந்து பார்த்ததால் மூக்கு மூடி தெரியவில்லை, தெரிந்தது என் தலையும் அந்த வெள்ளைப் பட்டியும். எங்கள் ஆட்களில் உயிர் போனதும், வாய் திறந்துவிடாமல் நாடியைத் துணியால் தலையோடு சேர்த்துக் கட்டுவார்கள். என் கையும் நெஞ்சில், நீட்டிய கால் பெருவிரல்கள் இரண்டும் சேர்த்துக் கட்டியது போல ஒட்டியபடி. இது போதாதென்று இன்னொரு பெரிய சாட்சியும் இருந்தது.

"நான் நிண்டு கேட்டனான் தம்பி," என்று பிறகு தவமக்கா சொன்னார். "ஒரு சத்தமும் இல்லை. நீர் நித்திரையெண்டா எங்கட வீட்டு ஓடெல்லோ அதிரும்."

ராணி நாடியைக் கட்டிவிட்டு இனசனத்துக்குச் சொல்ல ஓடியிருக்கிறாள் என்று முடிவு கட்டி, அவர் சங்கத் தலைவர் சிவபாலனிடம் ஓடினார்.

இனி என் கெட்டித்தனத்தைச் சொல்லவேண்டும். போன மாதம் ஒரு செத்த வீட்டுக்குக் கதிரை பிந்திப் போனதற்காகச் சங்கக் கூட்டத்தில் எல்லோரையும் வறுத்தெடுத்திருந்தேன். செய்தி வந்து அரை மணித்தியாலத்துக்குள் கதிரை முற்றத்தில் நிற்கவேண்டும். வீட்டாரிடம் ஒரு கேள்வியும் கேட்கக்கூடாது. சத்தம் போடக்கூடாது. மூன்றும் நான் போட்ட சட்டம். அன்றைக்கு மட்டும் ஒரு சட்டத்தையும் ஒருவரும் மீறவில்லை. சங்கக் கொட்டிலின் திறப்பு என் வீட்டு விறாந்தை ஆணியில்தான் தொங்கும். அதைக்கூட நுனிக்காலில் வந்து எடுத்துப் போயிருக்கிறார்கள்.

நான் கண் விழித்தபோது தலை பஞ்சு போல லேசாக இருந்தது. அப்படி நித்திரை கொண்டு எத்தனை வருடம். யன்னலால் பார்த்தால் முற்றத்தில் சங்கத்துக் கதிரைகள் வரிசையாக நிற்கின்றன, நீலத் தறப்பாள் கட்டியாகிவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரில் ஒரு சாவு, செயலாளருக்குச் சொல்லவில்லை, அதிலும் கதிரையை வீடு மாறி இறக்கிவிட்டார்கள். குழாயைப் பெட்டியிலிருந்து இழுத்தெடுத்து, கதவைத் திறந்துகொண்டு வெளியே பாய்ந்தேன். மூக்கில் மூடி, நாடியில் பட்டி, முழங்கால் வரை குழாய் ஆடுகிறது.

"ஆர் செத்தது?" என்று பல்லைக் கடித்தபடி கேட்டேன். (பட்டி வாயை அதற்கு மேல் திறக்க விடாது.) "செயலாளருக்குச் சொல்லாமலோ கதிரை இறக்கிறது?"

கதிரைகளில் இருந்த முப்பது பேரும் எழுந்து நின்றார்கள். தவமக்கா மட்டும் இருந்தார், நிலத்தில். சிவபாலன் தொண்டையைச் செருமிக்கொண்டு, மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

"நீங்கள்தான் அண்ணை."

அந்த நேரம் பார்த்துத்தான் ராணி பஸ்ஸால் இறங்கி வந்தாள். வீட்டு முற்றத்தில் அந்தக் கதிரைகள் நின்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். பையைப் படலையடியில் போட்டுவிட்டு ஓடி வந்தாள். என்னைக் கண்டும் நிற்கவில்லை. கிட்ட வந்து என் நெஞ்சில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"பத்து வருசமா உங்கட மூச்சு நிக்கேக்கையெல்லாம், திரும்பி வருமோ வராதோ எண்டு நான் முழிச்சுக் கிடந்தனான்," என்றாள். "இண்டைக்கு வரேல்லையெண்டு நினைச்சிட்டன்."

பத்து வருடமாக என் பக்கத்தில் ஒருத்தி நித்திரையில்லாமல் கிடந்திருக்கிறாள். நானோ என் மானத்தை யூரியாப் பையில் சுற்றிக்கொண்டு திரிந்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. மூக்கு மூடிக்குள் அழுவது லேசான வேலை இல்லை. தேத்தண்ணி ஏற்கெனவே கொதித்துவிட்டதால் வந்தவர்கள் எல்லோரும் குடித்துவிட்டே போனார்கள்.

மோட்டார் சைக்கிள் திறப்பு இரண்டு மாதத்தில் என் கைக்கு வந்தது. அதற்கு முன்னரே சங்கம் கூடிவிட்டது. அன்றைய தீர்மானத்தைச் செயலாளர் என்ற முறையில் நானே கூட்டப் புத்தகத்தில் எழுதினேன்: செயலாளர் வீட்டுக்கு மட்டும், ஆளைத் தட்டி எழுப்பிப் பார்த்த பின்னரே கதிரை இறக்கப்படும். ஏகமனதாக நிறைவேறியது.

இப்போதும் மிஷினின் சுவிட்சைப் போடுவது ராணிதான். போட்டுவிட்டு, "கதிரைக்குச் சொல்லட்டோ?" என்று தினமும் கேட்பாள். பட்டியை இழுத்து ஒட்டியபடி, இன்றைக்கு வேண்டாம் என்று கை காட்டுவேன். அதன் பிறகு முதலில் நித்திரையாவது அவள்தான்.