கடைமடைக் கரண்ட்

திருத்துறைப்பூண்டிக்கு வரும் கரண்ட் களைத்துப்போய்த்தான் வந்து சேருகிறது. இதைக் கண்டுபிடித்தவர் நாதவேள். கரண்ட் ஆபீசுக்கே தெரியாத சங்கதி.

அவர் மட்டும் காவி கட்டியிருந்தால் அரசப்பன் அவர் கூட்டம் போட்ட மண்டபத்து வாசலையே மிதித்திருக்க மாட்டார். ராகுகாலத்தில் கல்யாணம் செய்துகொண்டவர் அரசப்பன். வாஸ்து பேசிய கொத்தனாரை மறுநாளே மாற்றியவர். திருத்துறைப்பூண்டியில் முப்பது வருஷம் சவுண்ட் சர்வீஸ் நடத்தியவர். பேயும் இல்லை பிசாசும் இல்லை என்று மேடையில் பேசியவர்களின் குரலை நாலு ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவை அவருடைய ஹாரன்கள். ஆனால் நாதவேள் காவி கட்டவில்லை. வெள்ளை லினன் சட்டையும் வெள்ளைக் கையுறையும் போட்டிருந்தார். வெறுங்கையால் விபூதி கொடுத்திருந்தால் விரட்டியிருப்பார்கள். கையுறை போட்டுக்கொண்டு பெட்டி கொடுத்ததால் வரிசையில் நின்றார்கள்.

தஞ்சாவூரில் ஒரு கல்யாண மண்டபம். மாதத்தில் ஒரு ஞாயிறு, முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்து, அதன் ஏ.சி. ஹாலில் 'ஒலி அனுபவ முகாம்'. முகூர்த்தம் இல்லாத நாளில் வாடகை குறைவு என்பதைத் தவிர அதில் வேறு தத்துவம் எதுவும் இல்லை. வீட்டில் நல்ல பாட்டுச் செட் வைத்திருப்பவர்கள் அத்தனை பேரும் வருவார்கள். பல் டாக்டர்கள், ரைஸ்மில் முதலாளிகள், ஓய்வுபெற்ற இன்ஜினியர்கள் என்று எல்லாரும் படித்தவர்கள். கூட்டம் இருநூறுக்குக் குறையாது.

"மேட்டூர்ல தண்ணி திறக்குறாங்க," என்று ஆரம்பிப்பார் நாதவேள். "தலைமடைக்காரன் வயல் நிறையுது. கடைமடையில உங்களுக்கு என்னங்க வருது?"

"ஒண்ணும் வர்றதில்ல!" என்று திருத்துறைப்பூண்டியும் முத்துப்பேட்டையும் ஒரே குரலில் கத்தும்.

"கரண்டும் அதேதாங்க. எல்லா ஊரும் உறிஞ்சினது போக மிச்சம்தான் உங்க ஆம்ப்ளிஃபயருக்கு வருது. களைச்சுப் போன கரண்ட். அதுல பாட்டு எப்படிங்க உயிரோட வரும்?"

அவ்வளவுதான், கூட்டம் விழுந்தது. பின்னே? கடைமடைக்கு ஒன்றும் வந்து சேருவதில்லை என்று இவர்கள் எத்தனை காலமாக மனு கொடுத்திருப்பார்கள்! ஒருவரும் காதில் வாங்கவில்லை. இவர் கேட்காமலேயே சொல்கிறார். அப்படிப்பட்ட மனிதரிடம், கரண்ட் என்ன வாய்க்கால் தண்ணீரா என்று கேட்பது மரியாதையாகுமா?

இதற்கு மருந்து 'ஒலி மதகு'. சோப்பு டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. கரண்ட் வயரைக் கவ்விக்கொள்ளும்படி மாட்டினால் போதும், கரண்டைத் தேக்கி, தெளியவைத்து, அளந்து விடும். விலை முப்பத்தெட்டாயிரம். தலைமடைக்காரர்களும் வாங்கினார்கள். தங்களிடம் இருக்கும் நல்ல கரண்ட் கீழே வழிந்து போய்விடாமல் இருக்கவாம்.

வித்தியாசம் கேட்கிறது என்பவர்களுக்கு 'நுண்செவியர்' என்று பித்தளை பேட்ஜ். கேட்கவில்லை என்பவர்களைத் திட்டமாட்டார், அந்த நாகரிகம் உண்டு. "உங்க செவி இன்னும் பழுக்கலைங்க," என்று பரிதாபமாகப் பார்ப்பார். அதற்கப்புறம் எவன் கேட்கவில்லை என்று சொல்வான்?

அரசப்பனுடைய சங்கதி வேறு. வீட்டில் அவர் ஆசையாகக் கேட்கும் நாகசுரப் பதிவில் ஒரு வருஷமாக ஜால்ராவைக் காணோம். தவில் இருக்கிறது, நாகசுரம் இருக்கிறது, கூடவே தாளம் போடுகிறவர் மட்டும் எழுந்து போய்விட்டார். ஆம்ப்ளிஃபயரைப் பிரித்தார், ஒயரை மாற்றினார், ஸ்பீக்கரை மாற்றினார். ஆள் திரும்பவில்லை. போதாததற்கு மனைவி அமிர்தமும் இப்போதெல்லாம் வாய்க்குள்ளேயே பேசுகிறாள்.

"நான் வாய்க்குள்ள பேசலங்க. உங்களுக்குத்தான் காது போகுது," என்று அமிர்தம் சத்தமாகவே சொல்லிப் பார்த்தாள். ஹாரனுக்குக் கீழேயே முப்பது வருஷம் நின்ற காது அது. தெரிந்த டாக்டரம்மாவிடம் விசாரித்தாள். அவர் சொன்னது அவளைத் தூங்கவிடவில்லை. பேச்சுக் கேட்காமலேயே நாளைக் கடத்தினால், பிறகு மிஷின் வைத்தாலும் மூளைக்குப் பேச்சுப் புரியாதாம். காதைப் பரிசோதிக்க இரண்டு முறை டோக்கன் போட்டாள். இரண்டு முறையும் அரசப்பன் போகவில்லை.

ஏனென்றால் முதல் முகாமிலேயே நாதவேள் அவர் தோளில் கையுறையை வைத்துச் சொல்லிவிட்டார்: "ஐயா, உங்க காது தங்கம். கரண்ட்தான் தகரம்."

அன்று மதகை மாட்டியதும் ஜால்ரா லேசாக மினுங்கியது நிஜம். ஆனால் வாங்கிப் போய் வீட்டில் மாட்டினால் ஒன்றுமில்லை. போன் போட்டார். "நீங்க கடைமடைக்கும் கடைசிங்க. பெரிய மதகு வேணும்," என்றார் நாதவேள். விலை இரண்டு மடங்கு.

அதற்காகத்தான் இந்த ஞாயிறு தஞ்சாவூருக்குப் புறப்பட்டார். அமிர்தமும் கூடவே பஸ் ஏறினாள். அவளைச் சாதாரணமாக நினைத்துவிட வேண்டாம். சவுண்ட் சர்வீஸில் கருகிப்போன ஹாரன் யூனிட்டுக்கெல்லாம் காயில் சுற்றியவள் அவள்தான். அரசப்பன் கம்பத்தில் ஏறுவார், அமிர்தம் ஆம்ப்ளிஃபயரைப் பிரிப்பாள். அதுதான் அந்த வீட்டு வேலைப் பிரிவினை.

முகாம் ஆரம்பித்தது. ஏதோ கச்சேரியில் எடுத்த நாகசுரப் பதிவு ஓடியது. முதலில் மதகு இல்லாமல். அப்புறம் மதகை மாட்டி. ஆம்ப்ளிஃபயரின் வெளிச்சம் கவனத்தைக் கலைக்குமாம், அதனால் முகப்பில் பட்டுத்துணி. ரிமோட் நாதவேள் கையில்.

"ஆகா!" என்றது ஹால். அரசப்பனுக்கும் ஜால்ரா மினுங்கியது. கண் கலங்கிவிட்டது.

அமிர்தம் எழுந்தாள். "தம்பி, பாட்டுக்கு நடுவுல ஒருத்தர் இருமுறாரே, மதகு போட்டதும் அந்த இருமலும் பெருசாயிடுச்சே. கரண்ட் சுத்தமானா இருமல் ஏன் வளருது?"

"அம்மா செவி இன்னும் பழுக்கல," என்றார் நாதவேள். ஹால் சிரித்தது. அரசப்பனுக்கு மானம் போயிற்று. "உக்காரு அமிர்தம்!" என்று பல்லைக் கடித்தார்.

"பழுக்கலதான். பழுத்தவங்க இத்தனை பேரு இருக்கீங்களே, எனக்கு ஒண்ணு செஞ்சு காட்டுங்க. திரைக்குப் பின்னாடி காசு சுண்டுவோம். பூ விழுந்தா மதகு மாட்டுறது, தலை விழுந்தா கழட்டுறது. பத்து தடவை. எது மதகுன்னு நீங்க பேப்பர்ல எழுதுங்க."

நாதவேள் உடனே, "சந்தேகம் இருக்கிற ஹால்ல கரண்ட் சுருங்கிடுங்க," என்றார். ஆனால் நுண்செவியர்கள் விடுவார்களா? முப்பத்தெட்டாயிரம் கொடுத்து வாங்கிய காதை ஒரு பொம்பளை சந்தேகப்படுவதா? "வைங்க டெஸ்ட்டை!" என்று முதலில் கத்தியவர் லூர்துராஜ். ஓய்வுபெற்ற பிசிக்ஸ் வாத்தியார். மூன்று மதகு வாங்கியவர். எனவே அவரையே நடுவராக்கினார்கள். மணவறைத் திரை இறங்கியது. காசு சுண்டுவதும் மதகை மாட்டுவதும் அவர் வேலை.

"அந்த ரிமோட்டும் வாத்தியார் பாக்கெட்ல இருக்கட்டும்," என்றாள் அமிர்தம்.

"அது என் கையில இருந்தாத்தாங்க..."

"ஏன் தம்பி, மதகு உழைக்கிறப்போ நீங்க எதுக்கு உழைக்கணும்?"

ரிமோட் லூர்துராஜின் பாக்கெட்டுக்குப் போயிற்று. நாதவேள் கையிலும் ஒரு பேப்பரைக் கொடுத்தார்கள்.

முதல் தடவை பாட்டு ஓடியது. "மதகுதான், மண்வாசனையே வருதே!" என்றார் ஒருவர். "சேச்சே, செத்த கரண்ட்டு," என்றார் பக்கத்து நாற்காலி. ஒரே பாட்டை ஒரே ஹாலில் கேட்டவர்கள்தான் இருவரும். இப்படிப் பத்து தடவை. எல்லாரும் எழுதினார்கள், அரசப்பனைத் தவிர. அவர் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஒருமுறைகூட ஜால்ரா வரவில்லை.

லூர்துராஜ் விடையைப் படித்தார். கணக்குப் பார்த்தால் பெரும்பாலும் பத்துக்கு நாலு, ஐந்து, ஆறு. பாட்டையே கேட்காமல் காசைச் சுண்டி எழுதியிருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும். நாதவேளுக்கு நாலு.

"பெட்டியைச் செஞ்சவருக்கே நாலா?" என்று முன்வரிசை பல் டாக்டர் நெடுமாறன் எழுந்தார்.

"இப்ப ரிமோட்டை அவர்கிட்டயே குடுங்க," என்றாள் அமிர்தம். "பழையபடி அவரே செஞ்சு காட்டட்டும். பட்டுத்துணியை மட்டும் நான் எடுத்துக்கிறேன்."

துணி விலகியது. முகப்பில் ஒலியளவு நாற்பது என்று பச்சையாக எரிந்தது. ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நாதவேள் அசையவே இல்லை.

"நீங்க அமுக்க மாட்டீங்கன்னா நானே அமுக்குறேன்," என்று அமிர்தம் அதை வாங்கினாள். மதகு மேஜையில் சும்மா கிடக்க, நாற்பத்து நாலுக்கு ஏற்றினாள். ஜால்ரா மினுங்கியது. இருமலும் வளர்ந்தது. ஹால் முழுக்க "ஆகா" என்று வந்த வாய் பாதியில் மூடிக்கொண்டது.

லூர்துராஜ் தம்முடைய மூன்று மதகில் கையோடு கொண்டுவந்திருந்த ஒன்றை மேஜை விளிம்பில் ஓங்கித் தட்டினார். பெட்டி பிளந்தது. ஆற்றுமணல் கொட்டியது. "அளந்துதான் போட்டிருக்கான்," என்றார் வாத்தியார்.

அப்போதுதான் அரசப்பன் எழுந்தார். "எனக்கு ஒண்ணு சொல்லணும். அந்தப் பத்து தடவையில ஜால்ரா இருந்துச்சா?"

"எல்லாத்துலயும் இருந்துச்சே," என்றார்கள் நாலைந்து பேர், வியப்போடு.

"எனக்குக் கேக்கல. ஒரு தடவைகூடக் கேக்கல. கரண்ட் நல்லாத்தான் இருக்கு. என் காதுதான் போச்சு."

ஊருக்கே பாட்டுப் போட்ட மனுஷன் இருநூறு பேர் முன்னால் இதைச் சொல்கிறார். அமிர்தத்துக்கு அழுகை வந்தது, அழுதாள்.

நாதவேள் மட்டும் சுதாரித்துக்கொண்டார். "பாத்தீங்களா, இவருக்குத்தாங்க பெரிய மதகே தேவை!" பின்வரிசையில் ஒருவர் அதற்கு விலை கேட்டார். இது கதையல்லவா, மிகை என்று நினைப்பீர்கள். நம் ஊரில் கூட்டம் போட்டுப் பாருங்கள்.

மணலைக் காட்டிக் காட்டிப் பணத்தைத் திருப்பிக் கேட்டது கூட்டம். நாதவேள் கையுறையைக் கழற்றிவிட்டுச் செக் எழுதினார். நெடுமாறன் அமிர்தத்திடம் வந்தார். "அப்ப என்னதாங்கம்மா வாங்குறது?"

"நல்ல ஸ்பீக்கர் வாங்குங்க டாக்டர், மிச்சமெல்லாம் அப்புறம். கடைக்குப் போறப்போ உங்களுக்கு மனப்பாடமான பாட்டை எடுத்துட்டுப் போங்க. ரெண்டு செட்டையும் ஒரே சத்தத்துல வெச்சு, கண்ணை மூடிக் கேளுங்க. சத்தம் கூடுனா எதுவும் நல்லாத்தான் தெரியும். பிடிக்கலன்னா ஒரு வாரத்துல திருப்பி எடுத்துக்குவேன்னு சொல்ற கடையில வாங்குங்க. வீட்டுல ஸ்பீக்கரைச் சுவத்தை விட்டுத் தள்ளி வைங்க, எதிர்ச்சுவத்துல கனமா ஒரு திரை போடுங்க. வயர்ல காசைக் கொட்டாதீங்க. அப்புறம் உக்காந்து பாட்டைக் கேளுங்க, பெட்டியை நோண்டிக்கிட்டே இருக்காதீங்க."

"இவ்வளவுதானா?" என்றார் டாக்டர். ஏமாற்றமாக இருந்தது. இலவசமாகக் கிடைத்த புத்தியில் அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

செவ்வாய்க்கிழமை மூன்றாவது டோக்கன். காது பரிசோதிக்கும் ஃபஹ்மிதா அரசப்பனைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தாள்.

"கேட்டா மட்டும் அமுக்குங்க ஐயா. எல்லாம் கேக்குதுன்னு காட்டுறதுக்காக அமுக்காதீங்க. கேக்காததைக் கேட்டேன்னு சொன்னா எனக்கு ஒண்ணுமில்ல. உங்களுக்குத்தான் தப்பான மிஷின் வரும்."

அரசப்பன் ரொம்ப நேரம் அமுக்கவே இல்லை. கடைசியில் ஃபஹ்மிதா வெளியே வந்து அமிர்தத்திடம், "இப்பவாவது வந்தீங்களே. மிஷின் வெச்சா பேச்சு நல்லாப் புரியும்," என்றாள்.

நாதவேளின் வாட்ஸ்அப் குழுவில் இன்னும் எழுபது பேர் விலகாமல் இருக்கிறார்கள். அடுத்த முகாம் கும்பகோணத்தில் என்று தகவல் வந்திருக்கிறது. போகிறவர்கள் தாராளமாகப் போங்கள். காதை வீட்டில் வைத்துவிட்டுப் போனாலும் பரவாயில்லை, மூளையை மட்டும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.