தானாக ஓடும் முப்பத்தெட்டு அறிக்கைகள்

பிணவறையில் பதினான்கு சுகப்பிரசவம், தாயும் சேயும் நலம் என்று காலை ஆறு மணிக்கே அறிக்கை போயிருந்தது.

"கண் பிரிவுலயும் பதினாலு, பல் பிரிவுலயும் பதினாலு," என்று கண்காணிப்பாளர் அம்மாள் தாள்களைப் புரட்டினார். "ஆஸ்பத்திரி பூரா ஒரே குவா குவாவா இருக்கே புள்ளி?"

புள்ளிவிவர அலுவலரை எல்லோரும் சுருக்கமாகப் புள்ளி என்றுதான் கூப்பிடுவார்கள். முன்னால் 'பெரிய' என்று இதுவரை யாரும் சேர்த்ததில்லை. பத்து வருடமாக விலைக்கு வாங்கிய மென்பொருளில் பொத்தான் பொத்தானாக அமுக்கி, முப்பத்தெட்டுப் பிரிவுகளுக்கும் தினசரி அறிக்கை தயாரித்தவர். போன மாதம் நிர்வாகம் அதைத் தலைமுழுகிவிட்டு, ஊர் உலகமெல்லாம் சேர்ந்து எழுதி இலவசமாகத் தரும் திறந்தமூல மென்பொருளுக்கு மாறியது. அதில் பொத்தானே கிடையாது. கறுப்புத் திரை, மினுக்கும் கோடு ஒன்று, அவ்வளவுதான். கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதி வைத்தால் காலையில் கணினியே வரிசையாக முடித்துவிடும் என்றார்கள். புள்ளியும் எழுதி வைத்தார். ஒவ்வொரு அறிக்கையிலும் பிரிவின் பெயரை மாற்றச் சொன்னவர், எண்களை மாற்றச் சொல்ல மறந்துவிட்டார்.

"சின்னத் தப்பு மேடம். நாளைக்குச் சரியாயிடும்."

மறுநாள் கணினி மூன்றாவது பிரிவிலேயே படுத்துவிட்டது. யாரோ ஒரு நர்ஸ் வயதுக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார். காலியைக் கூட்ட மாட்டேன் என்று மென்பொருள் அடம்பிடித்தது. காலியாக இருந்தால் பூஜ்யம் என்று வைத்துக்கொள் என்று ஒரு வரி சேர்த்தார் புள்ளி.

அடுத்த நாள் முதியோர் பிரிவின் டாக்டர் போன் செய்தார்.

"என் பேஷண்டுங்க சராசரி வயசு பதினொண்ணுன்னு போட்டிருக்கீங்க. எந்த ஸ்கூல்ல சேர்க்கறதுன்னும் சொல்லிட்டீங்கன்னா வசதியா இருக்கும்."

பூஜ்யத்தைப் பிடுங்கி எறிந்தார். பதிலுக்கு, எங்கே நின்றாலும் முதலிலிருந்து மறுபடி ஓட்டு என்று எழுதினார். எத்தனை தடவை என்று எழுதவில்லை.

கணினிக்கு அலுப்பே இல்லை. மூன்றாவது பிரிவில் முட்டிக்கொண்டு, திரும்பி வந்து, முதல் இரண்டு பிரிவுகளின் அறிக்கையை மறுபடி அனுப்பியது. ஒன்பது மணிக்குள் நானூறு சுற்று. எல்லாவற்றுக்கும் ஒரு நகல் கண்காணிப்பாளருக்கு.

"எண்ணூறு மெயில்! உங்க கம்ப்யூட்டருக்கு என் மேல என்னய்யா கோபம்?" அம்மாளின் குரல் வராந்தா வரை கேட்டது. "லேப், மருந்துக் கிடங்குன்னு தனியா ரிப்போர்ட் போடற மத்த ஆறு பேரும் போன மாசமே மாத்திட்டாங்க. ஏழு மணிக்கு ரிப்போர்ட் தானா வந்து விழுது. உங்களுக்கு மட்டும் என்ன கேடு? திங்கக்கிழமை ஓடலைன்னா உங்க நாற்காலியை மாடிப்படிக்கு அடியில பழைய ரெக்கார்டு ரூமுக்கு அனுப்பிடுவேன். நீங்களும் கூடவே போகலாம்."

ஞாயிறு முழுக்க மோதிப் பார்த்தார். கணினி மசியவில்லை. திங்களன்று நாலு மணிக்கு அலாரம் அடித்தது.

"எல்லாம் தானா நடக்கும்னீங்க?" என்றாள் மனைவி, கண்ணைத் திறக்காமல்.

"தானா நடக்கணும்னா யாராவது நேரத்துக்குப் போக வேண்டாமா?"

அவசரப் பிரிவின் வாசல் வழியாகத் திருடனைப் போல நுழைந்து, கால்குலேட்டரும் கையுமாக உட்கார்ந்தார். முப்பத்தெட்டையும் தட்டி முடித்து, ஒவ்வொன்றின் அடியிலும் 'கணினி தானாகத் தயாரித்தது' என்று மனசாட்சியை ஓரமாக உட்கார வைத்துவிட்டு எழுதி, ஏழடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது அனுப்பினார்.

பத்து மணிக் கூட்டத்தில் அம்மாள் பூரித்துப் போனார். "மனுஷன் கை படாததால எவ்வளவு சுத்தமா வந்திருக்கு பாருங்க!" லேப், மருந்துக் கிடங்கு என்று மற்ற ஆறு பேரும் கொட்டாவிக்கு நடுவே கைதட்டினார்கள். புள்ளிக்குக் கூச்சத்தில் காது சிவந்துவிட்டது. இத்தனை கெட்டிக்காரர்களுக்கு நடுவில் தான் ஒருவன்தான் போலி என்று அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

புதன்கிழமையும் அதே வேலையாக விடியுமுன் வந்தபோது அவசரப் பிரிவில் தரை கழுவிக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் முன்வாசலுக்கு வந்தார். காவலாளி மறித்தார்.

"அஞ்சு மணிக்கு எங்க சார்?"

"அது வந்து... மெஷின் தானா ஓடுதான்னு ஒரு எட்டு பாத்துட்டுப் போகலாம்னு..."

காவலாளி அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கதவை அகலத் திறந்துவிட்டார்.

"நீங்களும் ஆட்டோமேட்டிக்கா சார்? சீக்கிரம் போங்க, மத்த ஆறு ஆட்டோமேட்டிக்கும் நாலு மணிக்கே வந்து உக்காந்துட்டாங்க."