சீரியல் போர்ட் கேட்ட கிடா

வேடசந்தூர் பக்கத்து நூல்மில் ஒன்றில் போன மாதம் ஒரு பேய் குடியேறியது. புளியமரம், சுடுகாடு எதுவும் அதற்குப் பிடிக்கவில்லை. நேரே ஏ.சி. போட்ட சர்வர் ரூமுக்கு வந்து, கன்சோல் சுவிட்சின் மூன்றாவது சீரியல் போர்ட்டில் உட்கார்ந்துகொண்டது. வசதி தெரிந்த பேய்!

கன்சோல் சுவிட்ச் என்றதும் மிரள வேண்டாம். மில்லின் கம்ப்யூட்டர்களிலிருந்து ஆளுக்கொரு கேபிள் வந்து சேருகிற பெட்டி அது. கேபிளைச் செருகுகிற ஓட்டைதான் போர்ட். எது என்ன சொல்கிறது என்று ஒரே திரையில் பார்க்கலாம். ஒருநாள் கரண்ட் போய்த் திரும்பியதும், மூன்றாவது போர்ட்டில் எழுத்துக்குப் பதில் கோணல்மாணலாக என்னென்னவோ ஓடியது. பெட்டியைக் கவனிக்கும் தமிழ்மதி, தங்கை கல்யாணத்துக்காக நீண்ட லீவில் இருந்தாள். மேனேஜர் பொன்னழகு ரெண்டு பட்டம் வாங்கியவர். நன்றாக யோசித்து, சாமியாரைக் கூப்பிட்டார்.

வந்தார் சிக்னல் சித்தர். சீரியல் என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், திருவிழாவுக்குப் போடும் சீரியல் செட் விளக்கை வாங்கிவரச் சொல்லிப் பெட்டியைச் சுற்றிக் கட்டினார். பெட்டி கல்யாண வீடு மாதிரி மினுங்கியது. திரையில் ஓடுவது பேய் பாஷை என்றும், அது தமக்கு மட்டுமே படிக்க வரும் என்றும் அறிவித்தார். அப்புறம் என்ன, மில் பஸ் மில் பஸ்ஸாகக் கூட்டம். எலுமிச்சம்பழம் ஒரு பக்கம், நூல் மெஷின் ஓட்டும் ஆரோக்கியம்மாள் ஏற்றிய மெழுகுவத்தி ஒரு பக்கம். பேய்க்கு மதபேதம் கிடையாது பாருங்கள். வெள்ளிக்கு வெள்ளி அது கிடா கேட்டது. ஆரோக்கியம்மாளின் கிடா உட்பட எல்லாம், திண்டுக்கல்லில் சித்தரின் மச்சான் நடத்தும் பிரியாணிக்கடைக்கு வண்டியேறின.

கடைசியில் பேய் ஆளைக் கேட்டது. தமிழ்மதியின் கைராசிதான் தோஷமாம். அவளை வேலையை விட்டு அனுப்பினால்தான் இறங்குமாம். லீவு முடிந்து வந்தவளைப் பொன்னழகு வாசலிலேயே நிறுத்தினார். அவள் ஒருத்தி சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"நான் போறேன் சார். அதுக்கு முன்னாடி ஒரு வாட்டி இவரை எல்லாருக்கும் முன்னால படிக்கச் சொல்லுங்க. அந்த மூணாவது போர்ட்டுக்கு கேபிள் வர்ற கம்ப்யூட்டர்ல நீங்களே போய் ஒரு வரி அடிங்க. என்னன்னு யாருக்கும் சொல்லாதீங்க," என்றாள்.

எல்லாரும் சர்வர் ரூமில் கூடினார்கள். பொன்னழகு போய் அடித்துவிட்டு வந்தார். திரையில் பேய் பாஷை ஓடியது. சித்தர் கண்ணை உருட்டி, உடம்பைக் குலுக்கினார்.

"கறுப்புக் கிடா கேக்குது. இந்தப் புள்ள செத்த நேரங்கூட இங்க நிக்கக் கூடாதுங்குது."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. தமிழ்மதி போர்ட்டின் செட்டிங்கைத் திறந்தாள். கம்ப்யூட்டர் அனுப்புகிற வேகம் ஒன்று, கரண்ட் போனதில் போர்ட் வாங்குகிற வேகம் வேறாகிவிட்டது, அதனால்தான் எழுத்து சிதறுகிறது என்று சொல்லிக்கொண்டே ரெண்டு வேகத்தையும் ஒன்றாக்கினாள். அதே வரியை மறுபடி அடித்துவிட்டு வரும்படி மேனேஜரை அனுப்பினாள். இந்த முறை ஆங்கில எழுத்தில் அழகான தமிழ் வந்தது: இன்னைக்கு கேன்டீன்ல சோத்துக்கு வெஞ்சனம் கத்திரிக்காய்.

பொன்னழகு முகத்தில் ஈயாடவில்லை. ரெண்டு தடவையும் இதைத்தான் அடித்தேன் என்று முனகினார். கூட்டம் சிரித்த சிரிப்பில் ஏ.சி. சத்தமே கேட்கவில்லை. கத்திரிக்காயிலும் சூட்சுமம் உண்டு என்று ஆரம்பித்த சித்தரின் துண்டை ஆரோக்கியம்மாள் எட்டிப் பிடித்தார்.

"போர்ட்டு கத்திரிக்காயப் பத்தித்தானே பேசுச்சு? என் கிடாவ எதுக்குய்யா ஓட்டிக்கிட்டுப் போனீங்க?"

சித்தர் துண்டை விட்டுவிட்டு ஓடினார். தமிழ்மதி தன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

உங்கள் ஊரிலும் ஒருத்தர் புரியாததையெல்லாம் படித்துச் சொல்கிறாரா? முதலில் நீங்களே ஒரு வரி எழுதி நீட்டிப் பாருங்கள். கிடாவை அவிழ்ப்பதை அப்புறம் யோசிக்கலாம்.