லாட்டு மாமா கட்டில் பார்த்த கதை

எங்கள் அருமனைப் பக்கத்தில் கடவுளுக்கு அடுத்தபடியாகத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் லாட்டு மாமாவுக்குத்தான் இருந்தது. கடவுளாவது கடைசித் தீர்ப்பு நாளில் நல்லவர்கள் என்று கொஞ்சம் பேரை வலது பக்கம் நிறுத்துவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். லாட்டு மாமா ஒருவரையும் வலது பக்கம் நிறுத்தியதில்லை.

ரப்பர் கடையில் ஷீட்டுத் தரம் பிரிப்பது அவருக்கு வேலை. உலர்ந்த ஷீட்டை இரண்டு கையாலும் தூக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார். தெளிந்து கிடந்தால் நாலாம் நம்பர், நல்ல விலை. பொட்டும் புள்ளியும் இருந்தால் லாட்டு, மட்ட விலை. அவர் கைக்குப் போன ஷீட்டு எதுவும் லாட்டாகாமல் தப்பியது கிடையாது. முதலாளிக்கு அவர் மேல் உயிர். தோட்டக்காரர்களுக்கு அவர் உயிர் மேல் கண்.

வேலையிலிருந்து நின்ற பிறகும் கை நிற்கவில்லை. கல்யாண வீட்டு அவியல் லாட்டு. புதிதாகப் போட்ட ரோடு லாட்டு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வாசலில் கைகுலுக்க நின்ற போதகரிடம், "பிரசங்கம் தொடக்கம் கொள்ளாம் பாஸ்டரே, நல்லாத்தான் இருந்து, நடுவுல பூசணம் பிடிச்சுப் போச்சு" என்று முகத்துக்கு நேரே சொன்னார். அவர் மனைவி தங்கம் மாமியிடம் இதைப் பற்றிக் கேட்டால் சிரிப்பாள். "என்னையும் லாட்டுன்னு சொல்லித்தான் எடுத்தாரு மக்கா. அப்பதானே எங்கப்பங்கிட்ட நகை கூடக் கேக்க முடியும்?"

இப்படிப்பட்டவரை என் காரில் ஏற்றிக்கொண்டு போனேன் என்றால் என் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள்.

அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். ஆபரேஷன் முடிந்தது. நடக்கப் பழகுகிறவரை கூடவே ஆள் வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நானும் மனைவி ஷீபாவும் பள்ளிக்கூடத்தில் வேலை. ஆஸ்பத்திரியிலேயே துணைக்கு வைத்துப் பார்த்த ஹோம் நர்ஸ் அம்மாவின் வாய்க்குப் பயந்து மறுநாளே பெட்டியைத் தூக்கிவிட்டாள். துபாயிலிருக்கும் தம்பி ஜெபசிங், "நல்ல நர்சிங் ஹோமா பாருண்ணே, செலவு நான் பாத்துக்கிடுதேன்" என்றான். கடைசியில் அம்மா சுவரைப் பார்த்தபடி சொன்னாள்: "எங்க வேணும்னாலும் கொண்டு விடு மக்கா. விட்டுட்டு மறந்து மட்டும் போயிராத."

அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை டிஸ்சார்ஜ். அதற்குள் அம்மாவைத் தைரியமாக விட ஓர் இடம் கண்டுபிடிக்க வேண்டும். டீக்கடையில் இதை யாரிடமோ புலம்பிக்கொண்டிருந்தேன். லாட்டு மாமா காதில் விழுந்துவிட்டது.

"ஒரு கிலோ ஷீட்டு எடுக்கதுக்கே தரம் பாக்க ஆளு வேணும். அம்மைய விடுக எடத்துக்கு வேண்டாமா? வண்டிய எடு" என்று சொல்லிவிட்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

முதலில் ஆரல்வாய்மொழி. தம்பி துபாயிலிருந்தபடியே தேர்ந்தெடுத்த இடம். சுற்றிலும் காற்றாலை, வாசலில் சல்யூட் அடிக்கிற செக்யூரிட்டி, உள்ளே மீன் தொட்டி. டை கட்டிய மேனேஜர் எங்களை ஓர் அறைக்குள் கூட்டிப்போய்க் கையை விரித்தார்.

"இயற்கைக் காற்று, மலைக் காட்சி சார். எல்லா ரூம்லயும் கேமரா. உங்க தம்பி துபாய்ல இருந்துக்கிட்டே அம்மாவை எப்ப வேணும்னாலும் பாக்கலாம்."

"செரி. தம்பி பாக்கான்," என்றார் மாமா. "அம்மை தண்ணி கேட்டா, பாத்துக்கிட்டு இருக்க தம்பியா எடுத்துக் குடுப்பான்?"

"அதுக்கு ஆப்ல ஒரு ரிக்வெஸ்ட் போட்டா..."

அவர் முடிப்பதற்குள் மாமா இயற்கைக் காற்றைப் பரிசோதிக்க ஜன்னலைத் திறந்துவிட்டார். ஆனி மாதத்து ஆரல்வாய்மொழிக் காற்று எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேனேஜரின் டை அவர் மூக்கின் மேலேயே ஏறியது. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த ஒரு பெரியவரின் போர்வை கிளம்பி வராந்தாவைப் பார்த்துப் பறந்தது. மாமா அதை அந்தரத்திலேயே பிடித்தார். பிடித்த கையோடு, பழக்கதோஷம், வெளிச்சத்துக்கு நேரே தூக்கினார்.

"பாத்தியா மக்கா, கஞ்சிக் கறை. நேத்துள்ளது இல்ல, போன வாரத்துள்ளது. லாட்டு."

அடுத்தது பூதப்பாண்டி. வயலைப் பார்த்த அழகான வீடு. தினமும் காலையில் எல்லாப் பெரியவர்களையும் போட்டோ எடுத்து, வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார்களாம். அங்கே வேலை பார்க்கும் பெண் பெருமையாகப் போனைக் காட்டினாள். ஒவ்வொரு படத்திலும் ஒரு சிரித்த முகம், கையில் ஒரு சிவந்த ஆப்பிள். நான் நெகிழ்ந்துபோனேன். மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒவ்வொரு படமாக வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"பிள்ளே, இந்த அம்மச்சி கையில உள்ள ஆப்பிளுக்கு ஓரத்துல ஒரு வடு இருக்கு. இந்தத் தாத்தா கையில உள்ளதுக்கும் அதே எடத்துல வடு. இங்க பாரு, இவருக்கும். எல்லா ஆப்பிளும் ஒண்ணுபோல கீழ விழுந்துச்சா?"

அந்தப் பெண் போனை மெல்லத் திருப்பி வாங்கிக்கொண்டாள்.

"செரி, அந்த ஆப்பிள எடு. எனக்குப் பசிக்குது."

"ஐயோ அங்கிள், அது நாளைக்கும் வேணும்!" என்று அலறிவிட்டாள்.

மூலைக் கட்டிலிலிருந்து ஒரு கிழவர் தலையைத் தூக்கினார். "நானும் கேட்டுப் பாத்துட்டேன் ஓய். மணத்திப் பாக்கலாம், கடிக்கப்பிடாதுன்னு சொல்லிட்டாவ."

மாமா வாயால் தீர்ப்புச் சொல்லவில்லை. வழியில் காரை நிறுத்தச் சொல்லி, ஒரு பை நிறைய ஆப்பிள் வாங்கி, என்னைத் திரும்பப் போகச்சொல்லி, கட்டில் கட்டிலாகக் கொடுத்தார். எல்லோரும் கடிக்கிறவரை நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தார். பணத்தை மட்டும் என்னைக் கொடுக்கச் சொன்னார்.

மூன்றாவது நாகர்கோவிலில். பளிங்குத் தரை, புதுக் கட்டில், கொசு கிடையாது. எனக்குப் பரம திருப்தி. "கட்டிலு எப்பிடின்னு கிடந்து பாத்தாதான் தெரியும்" என்று மாமா ஒரு காலிக் கட்டிலில் ஏறிப் படுத்தார். நான் கட்டண விவரம் கேட்க ஆபீசுக்குப் போனேன். அந்த நேரம் பார்த்து நர்சுகளுக்கு டூட்டி மாறியிருக்கிறது. அன்று மதியம் ஒரு புது நோயாளி வரவேண்டியிருந்தது. புதிதாக வந்த நர்ஸ், கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தவரைப் பார்த்து இவர்தான் அவர் என்று முடிவு செய்துவிட்டாள். நான் திரும்பி வந்தபோது மாமாவின் வேட்டி மடித்து அலமாரியில் இருந்தது. உடம்பில் பச்சை அங்கி. அதற்குக் கீழே டயப்பர்.

"மாமா! கண்ணத் தொறந்து ஒரு வாக்கு சொல்லப்பிடாதா?"

"செக் பண்ண வந்தா முழுசா செக் பண்ணணும்" என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே.

வேட்டியை மீட்டுக் கட்டிக்கொண்டு காருக்கு வந்த பிறகுதான் தீர்ப்பு வந்தது. "கட்டுன கட்டு நல்ல கட்டுதான் மக்கா. குத்தம் சொல்ல முடியாது. கை வெதுவெதுன்னு இருந்துச்சு. ஆனா அந்தப் பிள்ளை எனக்க பேரு கேக்கேல்ல. ஒரு மனுசனுக்க துணிய அவுக்கதுக்கு முன்ன பேரு கேக்காண்டாமா? லாட்டு."

எனக்கு வந்ததே கோபம். "எல்லாம் லாட்டுன்னா எங்கம்மைய நான் எங்க கொண்டு கிடத்த? உம்ம தலையிலயா?"

"தரம் பிரிக்கது எனக்க வேல. எடுக்கதும் விடுகதும் உனக்க பாடு" என்று சொல்லிவிட்டு, ஊர் வரும்வரை குறட்டை விட்டார்.

ஊர் எல்லையில் ரப்பர் மரங்களுக்கு நடுவே, பழைய ஓட்டுவீடு ஒன்றை மாற்றி, மஸ்கட்டில் நர்சாக இருந்து திரும்பிய ரெஜினா சிஸ்டர் நடத்தும் சின்ன இல்லம் ஒன்று உண்டு. மீன் தொட்டி இல்லை, கேமரா இல்லை, சுவரில் பெயின்ட் பாதி. எனக்கு இறங்கவே மனமில்லை. மாமா உள்ளே நுழைந்து, காலியாகக் கிடந்த கட்டிலில் மறுபடியும் ஏறிப் படுத்துத் தலைமாட்டு மணியை அடித்தார். வந்தது சிஸ்டரே. கையில் அகப்பை.

"ஓய், எழும்பும்! அது செல்லத்தாயம்மைக்க கட்டில். அவங்க குளிக்கப் போயிருக்காங்க. அவங்க தலையணைய வேற ஆளு தொட்டா அவங்களுக்குப் பிடிக்காது. எழும்புதீரா, இல்ல அகப்பைய வீசவா?"

மாமா எழுந்தார். என் வாழ்நாளில் அவர் ஒருவர் சொல்லுக்கு எழுந்து பார்த்தது அன்றுதான். படுத்த இடத்துச் சுருக்கத்தைத் தானே நீவிவிட்டார்.

"லாட்டுதான்," என்றார் வெளியே வந்து. குரலில் பழைய உறுதி இல்லை. "ஆனா அம்மைய இங்க விடு."

வெள்ளிக்கிழமை அம்மாவை அங்கே விட்டோம். நான் கிளம்பும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காரில் ஏறி ஷீபாவுக்குத் தெரியாமல் கண்ணைத் துடைத்தேன். அவள் எனக்குத் தெரியாமல் துடைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமையே ரெஜினா சிஸ்டரிடமிருந்து போன். "சார், அந்த மனுசர் வந்திருக்காரு. கஞ்சியில பயறத் தேடுகதுக்கு டார்ச்சு கேக்காரு." அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் இதே கதை. ஒரு நாள் காலையில் வருவார், ஒரு நாள் சாயங்காலம் வருவார். தலையணை உறையை வெளிச்சத்துக்குப் பிடிப்பார், தண்ணீர்ப் பானையை மோந்து பார்ப்பார், யாருக்கு நகம் வெட்டவில்லை என்று விரல்களைப் பிடித்துப் பார்ப்பார். சிஸ்டர் கத்துவாள், இவர் கத்துவார். ஆனால் போகப்போகக் கஞ்சியில் பயறு கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமையே எல்லோருக்கும் நகம் வெட்டியாகிவிடும்.

அம்மாவுக்கு முதலில் அவரைக் கண்டாலே ஆகாது. "அந்தச் சவத்த எதுக்குலே இங்க அனுப்புக?" என்றாள். பிசியோதெரபிஸ்ட் கெஞ்சியும் அவள் வாக்கரைப் பிடித்து ஓர் அடி வைக்கவில்லை. பயம். ஒரு சனிக்கிழமை நான் அங்கே இருந்தபோது மாமா கட்டிலருகே வந்து, அம்மாவை மேலும் கீழும் பார்த்தார்.

"மேலுக்குக் கொள்ளாம். காலுதான் லாட்டு. இனி நடக்கதுக்கில்ல."

"யாருக்க கால ஓய் லாட்டுங்கீரு?" அம்மா வாக்கரைப் பிடித்து எழுந்தாள். மாமா பின்னால் நகர்ந்தார். அவள் முன்னால் வந்தாள். அவர் வராந்தாவுக்கு ஓடினார். அம்மா தாத்தா பாட்டன் காலத்து வசவையெல்லாம் எடுத்துவிட்டுக்கொண்டு வராந்தாவின் மறுகோடிவரை துரத்திவிட்டாள். தூணைப் பிடித்து நின்ற பிறகுதான், தான் நடந்து வந்திருக்கிறோம் என்பது அவளுக்கே உறைத்தது. அப்படியே நின்று அழுதாள். மாமா வேலிக்கு அந்தப்பக்கம் நின்றுகொண்டு, "நடையில சுருக்கம் இருக்கு, நல்லா நீவணும்" என்றார்.

நன்றாக நடக்கப் பழகியதும் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்த முதல் சனிக்கிழமை காலையிலேயே குளித்து, நல்ல சேலை உடுத்து, கட்டிலுக்கு வேறு விரிப்பு போடச்சொல்லி, வாசலைப் பார்த்து உட்கார்ந்தாள். மத்தியானம்வரை ஆள் வரவில்லை. அவள் கேட்கவும் இல்லை, சாப்பிடவும் இல்லை. நான் போன் செய்தேன்.

"மாமா, அம்மை காத்திருக்கா. வரேல்லியா?"

பின்னணியில் ரெஜினா சிஸ்டரின் சத்தம் கேட்டது. "உனக்க அம்மைக்கு நீ இருக்கே மக்கா," என்றார் மாமா. "இங்க கெடக்கவங்களுக்கு யாரு வாறா? செல்லத்தாயம்மைக்க மவன் வந்து வருசம் எத்தனையாச்சு தெரியுமா? நீ போன வையி, கஞ்சி ஆறுது."

நான் சொல்லி முடிக்குமுன் அம்மா வாக்கரைப் பிடித்து எழுந்துவிட்டாள். "வண்டிய எடு. அந்த மனுசன் ஒத்தைக்குக் கத்திக்கிட்டு இருப்பாரு."

இப்போது சனிக்கிழமைகளில் தரம் பார்க்க இரண்டு பேர் போகிறார்கள். போக வர டிரைவர் வேலை எனக்கு. ராத்திரி வீட்டு ஜெபத்தில் அம்மா துபாய்த் தம்பியையும் சபை ஊழியக்காரரையும் நாட்டை ஆளுகிறவர்களையும் முடித்துவிட்டு, சற்று நிறுத்தி, "கர்த்தாவே, அந்த வாய் ஓயாத மனுசனுக்கு ஆயுசக் கூட்டிக் குடும்" என்பாள். மற்ற இடங்களில் தூங்கி வழிகிற நான், அந்த இடத்தில் மட்டும் சத்தமாகவே ஆமேன் சொல்கிறேன்.