மரப்பொம்மையும் ஒட்டடைக்கம்பும்

வெங் ஃபாய் எழுந்தான். தண்ணீர் கொதிக்க வைத்தான். இரண்டு கோப்பை எடுத்தான். ஒன்றைத் திரும்ப வைத்தான். பிறகு கூடத்து மூலையில் இருந்த மரப்பொம்மையின் முன்னால் போய் நின்றான்.

மூன்று கையும் ஒரு காலும் வைத்த, விங் சுன் குங்ஃபூ பயிலும் பொம்மை. மனைவி புய் சானுடையது. அவள் ஃபோஷானில் பயிற்சிக்கூடம் நடத்தியவள். இவன் டைல்ஸ் கம்பெனியில் வரைபடம் போடுகிறவன். அவள் இறந்த பிறகும், அவள் சொல்லிக்கொடுத்த வரைக்கும் தினமும் காலையில் விடாமல் அடித்தான். உள்ளங்கை மேலே பார்க்கும் தான்சௌ, முழங்கை உயரும் போங்சௌ, ஓர் உதை. அதற்கு மேல் தெரியாது. மறுபடி முதலிலிருந்து. நாள் முழுக்க இருப்புக்கொள்ளாத உடம்பு அப்போது மட்டும்தான் அடங்கும்.

அன்று எழுந்ததே தாமதம். முதல் அடிக்குக் கையை ஓங்கும்போதே கீழ்வீட்டு ஒட்டடைக்கம்பு மேல்தளத்தை இடித்தது. டங், டங்.

"இன்னும் அடிக்கவே இல்லையே!" என்றான் பொம்மையிடம்.

கீழ்வீட்டில் கூன் என்ற பெயருள்ள அத்தை. தெருமுனையில் மூலிகைத் தேநீர் விற்பவள். புய் சான் படிக்கட்டில் மயங்கி விழுந்த அன்று இவன் கம்பெனியில் இருந்தான்; ஆம்புலன்ஸில் கூடப் போனவள் அத்தைதான். அந்தப் பேச்சை எடுத்துவிடுவாளோ என்று, அவள் லிஃப்டில் நின்றால் இவன் படியேறுவான்.

கதவு தட்டப்பட்டது.

"ஃபாய், காலைல நீ..."

"சத்தம்தானே அத்தை? குறைச்சுடறேன்."

அவள் அவன் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்ப்பதற்குள் கதவைச் சாத்தினான். குடியிருப்பு நிர்வாகத்துக்குப் புகார் போனால் பொம்மையைத் தூக்கச் சொல்லிவிடுவார்கள்.

மறுநாள் பொம்மையின் கைகளுக்குத் துண்டு சுற்றினான். ஒட்டடைக்கம்பு இன்னும் பலமாக இடித்தது. அடுத்த நாள் அடியில் ரப்பர் விரித்து, மேலே குளிர்காலப் போர்வையைப் போர்த்தினான். தலையணையைக் குத்துவது போல இருந்தது. அத்தை கசப்புத் தேநீரோடு மறுபடி மேலே வந்துவிட்டாள்.

"குடி. ராத்திரி தூங்குறியா இல்லையா?"

தன் தூக்கம் கெடுவதைக் குத்திக்காட்டுகிறாள் என்று அவனுக்குப் புரிந்தது.

"நாளையிலிருந்து சத்தமே வராது அத்தை."

"டேய், நான் சொல்றதைக் கொஞ்சம்..."

சாத்தினான்.

பொம்மையின் கைகளைக் கழற்றி மேசையில் அடுக்கினான். பயிற்சிக்கூடத்துக்குப் போன் செய்து வந்து எடுத்துப்போகச் சொன்னான். அங்கே சுவரில் "உடம்பின் மையக்கோட்டை விடாதீர்கள்" என்று பலகை தொங்கியது. வாத்தியாரம்மாவின் கடைசி வார்த்தையாம். அதை மாட்டிய சீடர்களில் ஒருவர்கூட அவள் விழுந்த அன்று பக்கத்தில் இல்லை.

மறுநாள் காலை வெறும் காற்றில் அடித்தான். ஒரு சத்தமும் இல்லை.

கதவு அதிர்ந்தது. திறந்தால் அத்தை; பின்னால் துளைக்கருவியோடு பூட்டுக்காரன்.

"உடைக்கணுமா, வேணாமாம்மா?" என்றான் பூட்டுக்காரன்.

"அதான் கையெல்லாம் கழட்டிட்டேனே அத்தை! இன்னிக்கு வந்து தூக்கிட்டுப் போயிடுவாங்க. இன்னும் என்ன சத்தம் உங்களுக்கு?"

"கழட்டிட்டியா? ஏண்டா பாவி!"

"சத்தம்னு நீங்கதானே..."

"நான் எப்படா சத்தம்னேன்? நீ என்னை வாயைத் திறக்க விட்டாத்தானே!"

"அப்புறம் ஏன் இடிச்சீங்க?"

அத்தைக்கு மூச்சு வாங்கியது. படியிலேயே உட்கார்ந்தாள்.

"ஆம்புலன்ஸ்ல அவ மையக்கோடும் சொல்லலை, கட்டமும் சொல்லலை. என் கையைப் பிடிச்சுக்கிட்டா. 'ஃபாயோட உதை எப்பவும் தப்பாத்தான் விழும், கண்டுக்காதீங்க அத்தை. சத்தமே கேட்கலைன்னா மட்டும் போய்க் கதவைத் தட்டுங்க'ன்னா."